நாகசாகி: வண்டியில் மேலே, காலில் கீழே

காவிரிப் படுகைக்காரர்களின் முழங்காலுக்கு மலை என்றால் சுவாமிமலையின் 60 படிதான். அதுவும் கட்டுமலை. வரப்பையும் வாய்க்கால் கரையையும் தவிர வேறு மேடு பார்க்காத கால்களோடு நாகசாகிக்குப் போகிறவர்கள் முதல் நாள் சாயங்காலமே சுருண்டுவிடுகிறார்கள். தப்பு ஊரில் இல்லை, பார்க்கும் வரிசையில் இருக்கிறது.

ஜப்பானின் தென்மேற்கில் கியூஷு தீவில் இருக்கிறது இந்தத் துறைமுகம். கடல் ஒரு நீண்ட வாய்க்கால் போல உள்ளே புகுந்து நிற்க, மூன்று பக்கமும் மலை எழுந்து, வீடுகள் கொலுப்படி போல அடுக்கடுக்காக ஏறுகின்றன. சமதரை குறைவு, இருக்கிற சமதரையில் டிராம் ஓடுகிறது. ஊர்க்காரர்களே சைக்கிள் அதிகம் ஓட்டுவதில்லை என்பதால் வாடகை சைக்கிள் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். இங்கே செல்லுபடியாகும் விதி ஒன்றுதான்: மேலே போக லிஃப்ட், ரோப்வே, டாக்சி என்று எது கிடைக்கிறதோ அதில் ஏறுங்கள், கீழே வரும்போது மட்டும் நடங்கள். பயணக் கம்பெனிகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஃபுகுவோகாவிலிருந்து காலையில் கூட்டிவந்து, கீழ் வாசலில் இறக்கி, மேலே ஏறவிட்டு, நாலு மணிக்குத் திரும்ப அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு இரவு தங்காமல் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லவே முடியாது.

வந்து சேருவது

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஃபுகுவோகா என்பது நம் பக்கத்துக்குச் சுற்று குறைந்த வழி. டோக்கியோ போய்த் திரும்பி வந்தால் ஒரு நாள் வீண். ஃபுகுவோகாவின் ஹகாதா நிலையத்திலிருந்து நாகசாகிக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் நேர் ரயில் கிடையாது. டகேயோ ஓன்சென் நிலையத்தில் எதிர்ப்புறம் நிற்கும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்கு மாற வேண்டும். அதே நடைமேடைதான், படி ஏறி இறங்க வேண்டாம். மாறுவதற்கு இரண்டு மூன்று நிமிடமே தருவார்கள் என்பதால் அறிவிப்பு வந்ததும் பெட்டிகளை வாசலுக்கு நகர்த்திவிடுங்கள். 2022 செப்டம்பரில் திறந்த இந்த 66 கிலோமீட்டர் பாதையில் பாதிக்கு மேல் சுரங்கம். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஃபுகுவோகா பன்னாட்டு விமான முனையத்திலிருந்தே நாகசாகிக்கு விரைவுப் பேருந்தும் இருக்கிறது. இரண்டரை மணி நேரம் ஆகும், கட்டணம் ரயிலில் ஏறக்குறைய பாதி. பெட்டி அதிகம் உள்ள குடும்பத்துக்கு அதுவே நிம்மதி.

டிராமைப் பற்றி நாலு வார்த்தை. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 150 யென் அளவில். (நூறு யென்னுக்கு 55 முதல் 60 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.) பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்கும்போது காசு போட வேண்டும். பெட்டியில் போட்ட காசுக்குப் பாக்கி வராது. ஆயிரம் யென் நோட்டை ஓட்டுநர் பக்கத்திலுள்ள எந்திரத்தில் முன்கூட்டியே சில்லறையாக்கிக்கொள்ள வேண்டும். இறங்கும் நேரத்தில் பையைத் துழாவினால் பின்னால் வரிசை நின்றுவிடும். நீலக்கோடு 1ஆம் எண், சிவப்பு 3, பச்சை 5. நிலையத்திலிருந்து தெற்கே கிளவர் தோட்டம் போகிறவர்கள் 1இல் ஏறி, சீனத்தெரு நிறுத்தத்தில் 5க்கு மாற வேண்டும். காசு கொடுத்து இறங்கினால் ஓட்டுநரிடம் கேட்டு மாற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் இறங்கினால் மறுபடியும் முழுக் கட்டணம். கார்டு தட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 600 யென் நாள் சீட்டு நாலைந்து தடவை ஏறி இறங்குகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். அது வண்டியில் விற்பதில்லை. நிலையத்துச் சுற்றுலா மேசையிலோ விடுதியிலோ முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

தெஜிமா: நம் துணி போன இடம்

நாகப்பட்டினத்துக்காரரும் தரங்கம்பாடிக்காரரும் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். நுழைவு 520 யென், இரவு ஒன்பது வரை திறந்திருக்கிறது. மற்ற இடங்கள் ஐந்து ஆறு மணிக்கே மூடிவிடுவதால் பலர் இதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். நேரக் கணக்கில் அது சரிதான். ஆனால் சுவர்க் கற்களைப் பார்க்கப் பகல் வேண்டும். மூன்றரை மணி வாக்கில் நுழைவது நல்லது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறோம். தீவு என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். 1636இல் போர்த்துகீசியரை அடைத்துவைக்க விசிறி வடிவில் மண் கொட்டி எழுப்பிய செயற்கைத் தீவு அது. போர்த்துகீசியரை விரட்டிய பிறகு, 1641இல் டச்சுக்காரர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவோடு ஜப்பானுக்கு இருந்த வணிக வாசல் இந்த ஒன்றரை ஹெக்டேர்தான். நம் கணக்கில் நாலு ஏக்கருக்கும் குறைவு. ஒரு சின்ன மிராசுதாரின் வயல் அளவு. பிறகு துறைமுகத்தைத் தூர்த்து அகலப்படுத்தியபோது கடல் தள்ளிப்போயிற்று. வடக்கு ஓரத்தை ஆற்றுக்காக வெட்டியும் விட்டார்கள். தரங்கம்பாடியில் கடல் மாசிலாமணிநாதர் கோயிலைத் தின்றது. தெஜிமாவில் மண் கடலைத் தின்றது. இன்றைக்குச் சுற்றிலும் டிராமும் கட்டடங்களும்தான்.

அப்படியிருந்தும் இந்த ஊரில் கொடுத்த காசுக்கு மேல் திருப்பித் தரும் இடம் இதுவே. காரணம், மீட்டெடுத்த விதம். தனியார் கைக்குப் போய்விட்ட நிலத்தை நகராட்சி துண்டு துண்டாகத் திரும்ப வாங்கி முடிக்கவே ஏறக்குறைய 50 ஆண்டு பிடித்தது. வீடுகளை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தபடி மரத்திலும் மண்ணிலும் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். 2017இல் போட்ட வாசல் பாலத்தை நின்று கவனியுங்கள். தீவின் பக்கத்துப் பழைய கரைக்கல்லின் மேல் பாரம் விழக்கூடாது என்பதற்காக மொத்த எடையையும் எதிர்க்கரையில் தாங்கும்படி, ஏற்றத்தின் துலா மாதிரி அமைத்திருக்கிறார்கள். ஏற்றம் இறைத்த ஊர்க்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

உள்ளே கேப்டன் வீட்டு மாடி முக்கியம். (கேப்டன் என்றால் கப்பலோட்டி அல்ல, டச்சு வணிகர்களின் தலைவர்.) செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். கீழே பாய் விரித்த ஜப்பானியத் தரை, அதன் மேல் டச்சு மேஜை நாற்காலி, சுவரில் பூப்போட்ட காகிதம். கிறிஸ்துமஸ் கொண்டாடத் தடை இருந்ததால் குளிர்கால நெடு இரவு விருந்து என்று பெயர் மாற்றிக் கொண்டாடிய சாப்பாட்டு மேஜையை அப்படியே பரப்பி வைத்திருக்கிறார்கள். வெளியே பதினைந்தில் ஒரு பங்கு அளவில் முழுத் தீவின் மாதிரி இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு வீடுகளுக்குள் போனால் எது கிடங்கு, எது எடைபோடும் இடம் என்று குழம்பாது.

கிடங்குகளில் சர்க்கரை, பட்டு, சாயமரம், செம்பு என்று சரக்கு வரிசை வைத்திருக்கிறார்கள். நமக்குச் சேதி இங்கேதான் இருக்கிறது. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்ததும் தெஜிமாவில் வணிகம் செய்த இதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான்; அது 1690இல் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றியது. ஜப்பானியச் செம்பு அந்தக் கம்பெனிக் கப்பல்களில் நம் கரையில் வந்து இறங்கியது. நம் கரைத் துணி ஜப்பானுக்குப் போனது. கோடு போட்ட ஒரு வகைத் துணிக்கு ஜப்பானில் இன்றும் ‘சான்டோமே’ என்று பெயர். மயிலாப்பூர் சாந்தோமின் பெயர்தான் அது. விளக்கப் பலகைகளில் இந்தியா என்ற சொல் அங்கங்கே தலைகாட்டிவிட்டுப் போய்விடும். நாமாகத் தேடிப் படிக்க வேண்டும்.

தோட்டத்து மூலையில் ஒரு கல் இருக்கிறது. பத்துப் பேரில் ஒன்பது பேர் கடந்து போய்விடுவார்கள். தெஜிமாவில் மருத்துவராக இருந்த சீபோல்ட், தனக்கு முன்னால் அதே வேலையில் இருந்த கெம்ஃபர், துன்பெரி என்ற இரண்டு தாவர ஆய்வாளர்களுக்காக நட்டது. துன்பெரி 1775இல் இங்கே வந்தவர், ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர். அதே லின்னேயஸின் இன்னொரு மாணவரான கேனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து நம் பக்கத்துச் செடிகொடிகளைத் திரட்டினார். ஒரே வாத்தியாரின் இரண்டு பிள்ளைகள், இரண்டு துறைமுகம்.

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகள் இருந்தால் இரண்டு.

கிளவர் தோட்டம், ஓவுரா தேவாலயம்

வரிசை மாறினால் கால் போகும் இடம் இதுதான். 5ஆம் எண் டிராமில் ஓவுரா தேவாலய நிறுத்தத்தில் இறங்கச் சொல்வார்கள். இறங்காதீர்கள். அடுத்ததான கடைசி நிறுத்தம் இஷிபாஷி வரை போங்கள். அங்கிருந்து இரண்டு மூன்று நிமிட நடையில் மலைச்சரிவோடு சாய்வாக ஏறும் லிஃப்ட் இருக்கிறது. மலைமேல் குடியிருக்கும் ஊர்க்காரர்களுக்காகப் போட்டது, கட்டணம் கிடையாது. உச்சியில் இறங்கிச் சற்று நடந்தால் நேராக மேலே போகும் இன்னொரு லிஃப்ட். அதிலிருந்து வெளியே வந்தால் தோட்டத்தின் இரண்டாம் வாசல். ஒரு படிகூட ஏறாமல் தோட்டத்தின் தலைமாட்டில் நிற்பீர்கள். மற்றவர்கள் கீழ்வாசலிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி இறங்கலாம்.

620 யென் கட்டணத்தில் பாதி மேலேயுள்ள கப்பல் பட்டறை விடுதியின் மாடிக் காட்சிக்கே தகும். துறைமுகம் முழுவதும் கண்ணுக்குக் கீழே விரியும். எதிர்க்கரையில் மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளம்; 1909இல் ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்து நிறுத்திய 150 டன் தூக்கும் ராட்சதக் கிரேன் இன்னமும் அங்கே நிற்கிறது. வீடுகள்? உண்மையைச் சொன்னால் சுமார். ஸ்காட்லாந்து வணிகர் தாமஸ் கிளவரின் 1863ஆம் ஆண்டு வீடு ஜப்பானில் எஞ்சியிருக்கும் ஐரோப்பிய பாணி மரவீடுகளிலேயே பழையது என்பதால் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. சுற்றுத் தாழ்வாரமும் உயரமான ஜன்னல்களுமாகத் தரங்கம்பாடி ராஜவீதி பங்களாக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை குறைவு. கூரையை மட்டும் அண்ணாந்து பாருங்கள்: ஐரோப்பிய வீட்டின் மேல் ஜப்பானிய ஓடு. கட்டியவர் உள்ளூர்த் தச்சர். தெரிந்த வேலையைத்தான் செய்திருக்கிறார். மற்ற வீடுகளில் நாற்காலியும் கண்ணாடிச் சாமானும் வைத்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். நடந்துகொண்டே பார்த்துவிடலாம்.

கீழ்வாசலில் வெளியேறினால் பக்கத்திலேயே ஓவுரா தேவாலயம். 1864இல் கட்டி முடித்தது, ஜப்பான் அரசின் தேசியச் செல்வம். கட்டணம் 1000 யென். இந்த ஊரில் ஒரு கட்டடத்துக்கு இது அதிகம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள் என்பதால் கோபம் இன்னும் கூடும். நம் கருத்து: நடந்தது தெரிந்தால் கொடுக்கலாம், தெரியாவிட்டால் வெளிப்படியில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். நடந்தது இதுதான். கிறிஸ்தவத்துக்கு மரண தண்டனை இருந்த காலத்தில் பாதிரியாரே இல்லாமல் இருநூறு ஆண்டுக்கும் மேலாக ஒளிந்து ஜெபம் செய்துவந்த குடும்பங்கள், 1865 மார்ச் 17 அன்று இந்தக் கோயிலுக்கு வந்து பிரெஞ்சுப் பாதிரியார் பெட்டிட்ஜானிடம் தாங்களும் அதே நம்பிக்கைக்காரர்கள் என்று மெல்லச் சொன்னார்கள். கண்காணிப்புக்குத் தப்ப, பௌத்தக் கருணைத் தெய்வமான கன்னோன் உருவத்தையே மாதாவாக வைத்து வணங்கினார்கள். சேலை உடுத்திய வேளாங்கண்ணி மாதாவைத் தெரிந்தவர்களுக்கு அருங்காட்சியகத்தில் உள்ள அந்தச் சிறு உருவங்கள் அந்நியமாகத் தோன்றாது. பக்கத்துப் பழைய குருமடக் கட்டடம் கட்டணத்திலேயே அடங்கும். பலர் அதைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள்.

இந்தத் தேவாலயம் யாருக்கு அர்ப்பணித்ததோ அந்த 26 பேரை 1597 பிப்ரவரி 5 அன்று சிலுவையில் அறைந்த நிஷிசாகா குன்று ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. 1962இல் வைத்த வெண்கலச் சிற்ப வரிசை அங்கே இருக்கிறது, நினைவிடத்துக்குக் கட்டணமில்லை. 26 பேரில் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர்: மும்பைக்கு அருகே வசாய் ஊரைச் சேர்ந்த கொன்சாலோ கார்சியா. வேளாங்கண்ணிக்குக் கொடியேற்றத்துக்கு நடந்து போகும் வீட்டுக்காரர்கள் இந்த ஏற்றத்துக்கு அஞ்ச மாட்டார்கள்.

உரகாமி: 11 மணி 2 நிமிடம்

அணுகுண்டு விழுந்தது துறைமுகத்தின் மேல் அல்ல, வடக்கே உரகாமிப் பள்ளத்தாக்கின் மேல். அன்றைக்கு முதல் இலக்கு கொகுரா என்ற வேறு நகரம். அங்கே கீழே எதுவும் தெரியவில்லை என்று விமானம் இங்கே திரும்பியது. 1945 ஆகஸ்ட் 9, காலை 11:02க்குத் தரையிலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 74,000 பேர்.

இங்கேயும் வரிசை உண்டு. எல்லோரும் பெரிய சிலை உள்ள அமைதிப் பூங்காவுக்கு முதலில் ஓடிப் படமெடுத்துவிட்டு, நேரமிருந்தால் அருங்காட்சியகம் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் சிலை வெறும் சிலையாகவே நின்றுவிடும். நிலையத்திலிருந்து 1 அல்லது 3இல் அகாசகோ பக்கம் ஏறி, அணுகுண்டு அருங்காட்சியக நிறுத்தத்தில் இறங்கி முதலில் அங்கே போங்கள். 200 யென். காலை எட்டரைக்குத் திறக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவதால் திறக்கும்போதே நுழைவது நல்லது. சுழல்பாதையில் இறங்கி உள்ளே நுழைந்ததும் 11:02இல் நின்றுபோன சுவர்க்கடிகாரம். அதையடுத்து இடிந்த உரகாமி தேவாலயச் சுவரை நிஜ அளவில் எழுப்பிக் காட்டியிருக்கிறார்கள். உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடிப் புட்டிகளும் சாம்பலான சோறு கொண்ட சாப்பாட்டுப் பெட்டியும் அடுத்த பகுதியில். எரிந்த உடல்களின் புகைப்படங்கள் இருப்பதால் பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று பெற்றோர் யோசித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்கு அப்புறம் உடனே வேறு எதையும் ரசிக்க முடியாது. அடுத்து எந்த முன்பதிவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அங்கிருந்து கீழே இறங்கினால் குண்டு வெடித்த புள்ளிக்கு நேர் கீழே கறுப்புக் கல்தூண். பக்கத்திலேயே ஓடைக்கரையில் இறங்கும் படி ஒன்று இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் 1945 ஆகஸ்ட் மண்ணை வெட்டியபடியே வைத்திருக்கிறார்கள். ஓட்டுச் சில்லு, செங்கல், கண்ணாடி, எரிந்த கரி எல்லாம் ஒரு முழ மண்ணுக்குள். கிணறு வெட்டும்போது வண்டலடுக்கும் களியடுக்கும் தெரியுமே, அந்த மாதிரி ஒரு வீட்டுச் சாமான் அடுக்கு. இதற்குப் பெரிய அறிவிப்புப் பலகை இல்லை, தாண்டிவிடாதீர்கள்.

இதற்கு அப்புறம்தான் சாலையைத் தாண்டி, எஸ்கலேட்டரில் ஏறி அமைதிப் பூங்கா. கிதாமுரா செய்து 1955இல் நிறுத்திய வெண்கலச் சிலை ஏறக்குறைய 10 மீட்டர் உயரம். மேலே காட்டும் வலக்கை குண்டைக் குறிக்கிறது, நீட்டிய இடக்கை அமைதியை. கலைப்படைப்பாக அது பெரிதாக ஈர்ப்பதில்லை என்பது நம் எண்ணம். அதைவிட, தெற்கே தள்ளி சன்னோ கோயிலில் ஒற்றைக்காலில் நிற்கும் கல்தோரணமும், எரிந்து கரியாகித் திரும்பத் தளிர்த்த இரண்டு கற்பூர மரங்களும் நெஞ்சில் நிற்கும். ஏற்றம் சிறிது உண்டு, தாங்கக்கூடியதுதான்.

போர்க்கப்பல் தீவு: காசு கொடுத்து ஆடும் சூதாட்டம்

ஹாஷிமா என்ற நிலக்கரித் தீவின் பட்டப்பெயர் குன்கன்ஜிமா. 6.3 ஹெக்டேரில் 1959இல் 5,259 பேர் குடியிருந்தார்கள். 1974இல் சுரங்கத்தை மூடியதும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். 1916இல் கட்டிய, ஜப்பானின் முதல் கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பு உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. கம்பி துருப்பிடித்து வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும் வியாதி, நாகை, வேளாங்கண்ணிக் கடலோரத்தில் வீடு கட்டிய யாருக்கும் தெரிந்ததுதான். இங்கே அது ஊர் அளவில்.

பல படகு நிறுவனங்கள் கூட்டிப்போகின்றன. ஐயாயிரம் யென் அளவில் ஆகும், மொத்தம் மூன்று மணி நேரம் பிடிக்கும். தீவில் இறங்குவதற்கு உத்தரவாதம் கிடையாது. அலை அரை மீட்டருக்கு மேல் போனாலே படகை அணைக்க முடியாது. நாகை மீனவர் அதை அலை என்றே சொல்லமாட்டார். இறங்க முடியாத நாளில் தீவைச் சுற்றிவந்துவிட்டு, சிறு தொகையான இறங்கு கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவார்கள். புயல் வந்து படகுத்துறை உடைந்து மாதக்கணக்கில் யாருமே இறங்காத காலமும் உண்டு. அதனால் முதல் முழு நாளிலேயே பதிவு செய்யுங்கள். அது தள்ளிப்போனால் மறுநாள் முயற்சி செய்ய இடமிருக்கும். கடைசி நாளுக்கு வைத்தால் போனது போனதுதான். இறங்கினாலும் தெற்கு ஓரத்தில் போட்ட நடைபாதையில், மூன்று இடத்தில் நின்று பார்ப்பதோடு சரி. கட்டடத்துக்குள் விடமாட்டார்கள். குடை பிடிக்கக்கூடாது, மழைக்கோட்டுதான். குதிகால் செருப்பு கூடாது. தீவில் கழிப்பறை இல்லை, படகிலேயே முடித்துக்கொள்ளுங்கள். குமட்டல் வருகிறவர்கள் கிளம்புவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுவிட வேண்டும்.

குறை ஒன்று உண்டு. போர்க்காலத்தில் கொரிய, சீனத் தொழிலாளர்களைக் கட்டாயப்படுத்தி இந்தச் சுரங்கத்தில் இறக்கினார்கள். அதைப் போதுமான அளவு எடுத்துச் சொல்லவில்லை என்று யுனெஸ்கோவின் பாரம்பரியக் குழுவே 2021இல் வருத்தம் தெரிவித்தது. அடுக்குமாடி வாழ்க்கையின் சுவையான செய்திகளோடு சுற்றுலா முடிந்துவிட்டால், மீதியை நீங்களாகப் படித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். மூத்தவர்களுக்கு இந்தப் பயணத்தைப் பரிந்துரைக்க மாட்டோம்.

சீனக் கோயில்களும் பாலமும்

மெகானேபாஷி என்ற இரட்டை வளைவுக் கல்பாலம் 1634இல் ஒரு சீனத் துறவி கட்டியது. வளைவும் தண்ணீரில் அதன் நிழலும் சேர்ந்தால் மூக்குக்கண்ணாடி மாதிரி தெரியும். காற்றில்லாத காலை நேரத்தில் பத்து நிமிடம் போதும். 1982 ஜூலை வெள்ளத்தில் உடைந்து, ஆற்றில் கிடந்த கற்களைப் பொறுக்கித் திரும்பக் கட்டினார்கள்.

அங்கிருந்து சோஃபுகுஜிக்கு நடக்கலாம். 1ஆம் எண் டிராமின் கடைசி நிறுத்தமும் அதுவே. ஃபூஜியன் வணிகர்கள் 1629இல் எழுப்பிய கோயில். உள்வாசலின் மரவேலையைச் சீனாவின் நிங்போவில் செதுக்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து பூட்டினார்கள். வாசலின் அடியில் நின்று மேலே பாருங்கள்: தாங்குகட்டைகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்தபடி நாலாபக்கமும் விரியும். முற்றத்தில் ஆள் உட்காரக்கூடிய அளவு இரும்புக் கொப்பரை ஒன்று. 1682 பஞ்சத்தில் ஊருக்குக் கஞ்சி காய்ச்ச வார்த்தது. அன்னதானக் கூடத்து அண்டாக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் இது பெரிசு. 300 யென், கூட்டமில்லை. கடல் கடந்து வந்த வணிகர்களின் கோயில் இப்படி முந்நூறு நானூறு ஆண்டு நிற்பதைப் பார்க்கும்போது, நாகையில் சூடாமணி விகாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867இல் இடித்தது நினைவுக்கு வராமல் போகாது.

இனாசா மலை

333 மீட்டர். ரோப்வேயில் ஐந்து நிமிடம், போக வர 1250 யென் அளவில். இரவுக் காட்சிக்காகவே போவது. நிலையத்திலிருந்து 3 அல்லது 4ஆம் எண் பேருந்தில் ரோப்வே நிறுத்தம் வரை போய்விடலாம். ஜப்பானின் மேற்குக் கோடி என்பதால் இங்கே சூரியன் தாமதமாக மறையும்: ஜூனில் ஏழரை மணிக்கு, டிசம்பரில் ஐந்தே காலுக்கு. மறைவதற்கு 40 நிமிடம் முன்பு மேலே இருந்தால் பகல், அந்தி, விளக்கு மூன்றும் ஒரே சீட்டில் கிடைக்கும். முழு இருட்டான பிறகு போகிறவர்களுக்கு விளக்குப் புள்ளிகள்தான், ஊரின் வடிவம் தெரியாது. மேலே காற்று பலமாக இருக்கும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும். பலத்த காற்றில் ரோப்வே நின்றுவிடும். டிசம்பர் தொடக்கத்தில் பராமரிப்புக்காகச் சில நாள் மூடுவதும் உண்டு.

சாப்பாடு

அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. 1899இல் பிறந்த ஊர்ச் சாப்பாடு சாம்பான்: பன்றி எலும்பும் கோழி எலும்பும் கொதித்த சாற்றில் கோஸ், முளைப்பயறு, கணவாய், இறால் போட்டு, நூடுல்ஸையும் அதே சாற்றில் வேகவைத்தது. காரம் துளியும் இருக்காது. மேசையில் இருக்கும் மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக்கொள்ளுங்கள். கோலா மீனை உலர்த்திச் சாறெடுப்பதும் இந்தப் பக்கத்து வழக்கம், ‘அகோ’ என்பார்கள். நாகைக்காரர்களுக்கு வாசனையே சொல்லிவிடும்.

சைவர்களுக்குத்தான் சிக்கல். காய்கறி மட்டும் போட்டதாகச் சொன்னாலும் சாறு எலும்பிலோ, கட்சுவோபுஷி என்ற, நம் மாசிக் கருவாட்டின் அண்ணனிலோ எடுத்ததாக இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொல்வது போதாது, ‘தாஷி வேண்டாம்’ என்றும் எழுதிக் காட்டுங்கள்; தாஷி என்பது அந்தச் சாறுதான். சீனப் பௌத்த மடத்து வழியில் வந்த ஃபுச்சா என்ற சைவ விருந்து சில இடங்களில் உண்டு. முன்பதிவு இல்லாமல் கிடைக்காது, விலையும் அதிகம். நடைமுறைக்கு ஏற்றது, மளிகைக் கடையில் சூடாக்கித் தரும் வெறும் சோற்றுப் பொட்டலமும் ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலும். புளிக்காய்ச்சலைப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், எந்த இறைச்சி ஊறுகாயும் கொண்டுபோகக்கூடாது.

போவதற்கு ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். ஜூன் பாதியிலிருந்து ஜூலை பாதி வரை விடாத மழை. கல்படிகள் வழுக்கும், டச்சுச் சரிவு என்ற கல்பாவிய தெருவில் அந்த நாட்களில் இறங்கவே வேண்டாம். அக்டோபர் 7 முதல் 9 வரை சுவா கோயிலின் குன்சி திருவிழா. டிராகன் ஆட்டம் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் விடுதி கிடைப்பது மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் அறை தேடுகிற கதை.

ஊருக்கு வாங்கிவர காஸ்டெல்லா. போர்த்துகீசியர் விட்டுப்போன கேக்; முட்டை, மாவு, சர்க்கரை, மாவுப்பாகு மட்டும்தான். பழைய முறையில் பாலும் வெண்ணெயும் சேர்வதில்லை, முட்டை மட்டும் கட்டாயம். அடியில் கரையாத பருஞ்சர்க்கரை நறநறவென்று இருக்க வேண்டும். நிலையத்துக் கடைகளில் அது இல்லாத மலிவு வகையும் கலந்து நிற்கும், கேட்டு வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் தேதி பார்த்து, புறப்படும் நாளில் வாங்கினால் வீடு வரும்வரை தாங்கும். பெட்டியைக் கவிழ்க்காமல் கைப்பையில் வையுங்கள். அடிக்காகிதத்தை உரிக்கும்போது ஒரு மூலையிலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் அந்தப் பருஞ்சர்க்கரை முழுவதும் காகிதத்தோடு போய்விடும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு அறுத்தால் துண்டு உதிராது.